காலி நாற்காலிகளுக்கு ஆடிக் காட்டுவதா?

2015-ம் ஆண்டுக்கும் 2019-ம் ஆண்டுக்கும் இடையில் புனே நகரம் மூன்று பெரிய கால்பந்து அணிகளைப் பறிகொடுத்தது. 2012-13-ம் ஆண்டு ஐ-லீக் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்த புனே எப்.சி. முதலில் போயிற்று. 2017-ம் ஆண்டோடு டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் ஐ-லீகிலிருந்து விடைபெற்றது. கடைசியில், 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். அரையிறுதி வரை முன்னேறிய எப்.சி. புனே சிட்டி அடுத்த ஆண்டே கடையைக் கட்டியது. லீகில் அதற்கிருந்த இடத்தில் ஹைதராபாத் அணி வந்து உட்கார்ந்தது.

மூன்று அணிகளுக்கும் முதலாளிகள் வேறு. சட்டையின் நிறம் வேறு. ஒன்று மட்டும் பொது. மூன்றுமே பாலேவாடி ஸ்டேடியத்தைத்தான் தாய் மைதானமாகக் கொண்டிருந்தன.

ஸ்டேடியத்தால்தான் அணிகள் அழிந்தன என்று சொன்னால் நியாயமாகாது. பணம் போட்டவர்களால் தொடர்ந்து போட முடியாமல் போனால் எந்த அணியும் நிற்காது. ஆனால் ஓர் அணி ஊரை விட்டுப் போகும்போது ஊர் அதன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால், முதலில் அந்த அணி ஊருக்குள் இருந்திருக்க வேண்டும். புனே அணிகள் ஊரின் விளிம்பில் இருந்தன, விளிம்பிலிருந்தபடியே போய்விட்டன.

நாளை புனேயின் பெயரில் இன்னோர் அணி வரலாம். வர வேண்டும் என்பதே கால்பந்து ரசிகர்களின் ஆசை. அது எங்கே ஆட வேண்டும்? மறுபடியும் பாலேவாடியிலா, அல்லது நகரத்துக்குள் ஐயாயிரம் பேர் உட்காரக்கூடிய ஒரு சிறிய மைதானத்திலா? அணி வந்த பிறகு இதை யோசிப்பதில் பயனில்லை. இப்போதே யோசிக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் சிறிய மைதானமே சரி என்று தெரியும்.

திருவிழாவுக்குக் கட்டிய பந்தல்

பாலேவாடியின் பெருமையைக் குறைத்துப் பேசத் தேவையில்லை. 1994-ம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுந்த வளாகம் அது. 2008 அக்டோபரில் காமன்வெல்த் இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. சென்னையில் நடக்க வேண்டியிருந்த ஆசிய தடகளப் போட்டி, இலங்கை வீரர்கள் பங்கேற்பதைத் தமிழக அரசு ஏற்காததால் இடம் மாறி, 2013 ஜூலையில் பாலேவாடிக்கு வந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த டென்னிஸ் போட்டியும் 2018-ம் ஆண்டில் அதே வளாகத்துக்கு இடம் பெயர்ந்தது.

இவை எல்லாம் திருவிழாக்கள். திருவிழாவுக்கு ஜனங்கள் எவ்வளவு தூரமும் போவார்கள். 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின் காரணமாகச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி தன் ஆட்டங்களைப் புனேக்கு அருகிலுள்ள கஹுஞ்சே கிரிக்கெட் ஸ்டேடியத்துக்கு மாற்றியது. சென்னையிலிருந்து ஒரு தனி ரயிலே ரசிகர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று பெயரிட்டு, சுமார் ஆயிரம் பேர் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து வந்து விசில் அடித்தார்கள். வாட்சன் சதம் அடித்தார், சென்னை வென்றது. புனே தமிழர்கள் இன்றும் அதைப் பேசிக் களிக்கிறார்கள்.

ஆனால் அதே ஆயிரம் பேரை மாதம் இரண்டு முறை அப்படி வரச் சொல்ல முடியுமா? லீக் கால்பந்து திருவிழா அல்ல, வாரச்சந்தை போன்றது. பருவம் முழுவதும் அதே ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்தால்தான் அது நடக்கும். சந்தை என்றால் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். போனால் போகட்டும் என்று ஒரு பஸ் ஏறும் தூரத்திலாவது இருக்க வேண்டும்.

போவது சுலபம்; திரும்புவது?

புனேயில் தமிழர்கள் எங்கே இருக்கிறார்கள்? கேம்ப், கட்கி, தாபோடி, தேஹு ரோடு. வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்தோடும், 1869-ம் ஆண்டில் தொடங்கிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையோடும், ரயில்வேயோடும் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். கால்பந்தை விரும்புகிறவர்களும் பெரும்பாலும் இத்தகைய பேட்டைகளில்தான் இருக்கிறார்கள். தமிழர், மராட்டியர், கோவாக்காரர், மலையாளி, கூர்க்கா என்ற வேற்றுமை பந்தின் முன்னால் இல்லை.

பாலேவாடியோ நகரின் மேற்கு ஓரத்தில், மும்பை-பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. புனே ஸ்டேஷனிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல். லோனாவாலா லோக்கல் தேஹு ரோடு, தாபோடி, கட்கி, சிவாஜிநகர் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகிறது. பாலேவாடியை மட்டும் தொடுவதில்லை. லோக்கலில் வருகிறவர் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். கூட்டத்தில் தொங்கியாவது போய்ச் சேரலாம். இரவு ஆட்டம் முடிந்து திரும்பும்போதுதான் வேதனை. பஸ் வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் ஆட்டோக்காரர் கேட்டது கூலி. காலை முதல் ஷிப்டுக்குப் போக வேண்டிய தொழிலாளி, பத்து வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நிற்பதை ஒரு முறை பொறுத்துக்கொள்வார். இரண்டாம் முறை, "டி.வி.யிலேயே பார்த்துக்கொள்ளலாம்டா" என்று பையனிடம் சொல்லிவிடுவார்.

இதில் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? டிக்கெட்டின் விலை வாசலில் வாங்கும் காசு மட்டுமல்ல. வீட்டிலிருந்து புறப்பட்டு வீடு திரும்பும் வரை ஆகும் செலவும் அலைச்சலும் தூக்கமும் சேர்ந்ததுதான் டிக்கெட்டின் விலை.

நடுவே ஓர் ஓட்டப்பாதை

தூரம் ஒரு குறை. போய் உட்கார்ந்த பிறகும் இன்னொரு குறை உண்டு. பாலேவாடி பிரதான அரங்கு தடகளத்துக்காகக் கட்டப்பட்டது. எட்டு வரிசை கொண்ட ஓட்டப்பாதை பத்து மீட்டர் அகலம் பிடிக்கும். கோல் கம்பங்களுக்குப் பின்னால், பாதை வளையும் இடங்களில் இடைவெளி இன்னும் அதிகம். ரசிகனுக்கும் பந்துக்கும் நடுவில் ஓர் ஆறு ஓடுவது போல இருக்கும். கோல்கீப்பர் கத்துவது கேட்காது. கோல் விழுந்தால் அடித்தவர் யார் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும்.

கால்பந்தில் கூட்டத்துக்கும் ஒரு வேலை உண்டு. மூவாயிரம் பேர் கோட்டுக்கு அருகில் நெருக்கியடித்து நின்று கூச்சலிட்டால் எதிரணிப் பையனுக்குக் கால் நடுங்கும். அதே மூவாயிரம் பேர் பெரிய அரங்கில் அங்கொருவர் இங்கொருவராகச் சிதறி உட்கார்ந்தால், சொந்த அணிக்கே சோர்வு வரும். கல்யாண மண்டபம் பெரிதாகப் பிடித்துவிட்டுப் பந்தியில் பாதி இலை காலியாகக் கிடந்தால் பெண் வீட்டாருக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அயலூர்கள் தரும் பாடம்

பெங்களூரைப் பார்க்கலாம். 2013-ம் ஆண்டில் தொடங்கிய பெங்களூரு எப்.சி. முதல் பருவத்தில் ஆடியது கண்டீரவா அரங்கில் அல்ல. நகரின் நடுவே அசோக்நகரில் உள்ள பழைய கால்பந்து ஸ்டேடியத்தில். பத்தாயிரம் பேர்கூட உட்கார இடமில்லாத மைதானம். அங்கே கூட்டம் நிரம்பிற்று. முதல் ஆண்டிலேயே ஐ-லீக் பட்டமும் வந்தது. கூட்டத்தைச் சேர்த்த பிறகுதான் அந்த அணி பெரிய கண்டீரவாவுக்குக் குடிபோயிற்று. முதலில் குடும்பம் பெருகிற்று, பிறகு வீடு பெரிதாயிற்று.

மும்பை இன்னும் தெளிவான பாடம். மும்பை சிட்டி அணி 2014, 2015-ம் ஆண்டுகளில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் நேருல் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் ஆடியது. 2016-ம் ஆண்டில் துணிந்து அந்தேரியில் பத்தாயிரத்துக்கும் குறைவான இருக்கைகள் கொண்ட மைதானத்துக்கு மாறியது. "ஏன் இந்தச் சரிவு?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த ஆண்டே லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மைதானம் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் சிறிய மைதானம் பெரிய அணிக்கு இழுக்கு அல்ல என்பது அன்றே நிரூபணமாயிற்று.

கடல் கடந்தும் இதே எண்ணம் பரவியிருக்கிறது. அமெரிக்காவில் 'புட்பால்' என்பது கையால் பிடித்து ஓடும் வேறு ஆட்டம். கல்லூரி அணிகளுக்கே அங்கே மாபெரும் அரங்குகள் உண்டு. சிகாகோ அருகிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், 1926-ம் ஆண்டு முதல் இருந்த, 47 ஆயிரம் பேர் கொள்ளும் தன் அரங்கை 2024-ம் ஆண்டில் இடித்தது. அந்த இடத்தில் 35 ஆயிரம் பேருக்கு மட்டுமே அரங்கு கட்டத் தீர்மானித்தது. இடைக்காலத்தில் அதன் மாணவர்கள் ஏரிக்கரையில் சுமார் 12 ஆயிரம் பேருக்கான தற்காலிக மைதானத்தில் ஆடினார்கள். பணத்துக்குப் பஞ்சமில்லாதவர்களே இருக்கைகளைக் குறைக்கிறார்கள் என்றால் அதில் விஷயம் இருக்கத்தான் வேண்டும்.

மறுப்புகளுக்கு விடை

மாற்றுக் கருத்துக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

"பெரிய நாள் வந்தால் என்ன செய்வது?" என்பார்கள். 1997 ஜூலை 13-ம் தேதி கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் மோதிய பெடரேஷன் கோப்பை அரையிறுதியை ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் பார்த்தார்கள். சிறிய மைதானத்தில் அது நடக்குமா? நடக்காது. ஆனால் அந்த இரு அணிகளும் அந்தக் கூட்டத்தைச் சேர்த்தது சால்ட் லேக்கில் அல்ல. அந்த ஸ்டேடியம் திறந்தது 1984-ம் ஆண்டில்தான். அதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே மைதான் வெளியில், டிராமில் வந்து இறங்கி நடந்துபோகும் தூரத்திலிருந்த சின்னச் சின்ன மைதானங்களில் வளர்ந்த கூட்டம் அது. புனேயிலும் பெரிய நாள் வரட்டும். அன்று பாலேவாடிக்குப் போகலாம். அதற்குத்தானே அது இருக்கிறது?

"லீக் விதிகள் இடம் கொடுக்குமா? விளக்குகள், உடை மாற்றும் அறைகள், டெலிவிஷன் வசதி எல்லாம் வேண்டுமே" என்பார்கள். வேண்டும்தான். அவற்றைச் செய்துதான் ஆக வேண்டும். ஐ.எஸ்.எல். ஆட்டங்களே அந்தேரியில் நடந்தபோது, புனேயில் முடியாது என்பதற்கில்லை.

"ஊருக்குள் வைத்தால் போக்குவரத்து நெரிசல்" என்பது மூன்றாவது மறுப்பு. இதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் அருகில் இருந்தால் ஆட்டத்தை மாலையிலேயே தொடங்கி இரவு ஒன்பதுக்குள் முடிக்கலாம். லோக்கல் நிற்கும் ஸ்டேஷனுக்கு அருகில் மைதானம் அமைந்தால், ஐயாயிரம் பேரில் பாதிப் பேர் ரயிலிலும் கால்நடையாகவும் போய்விடுவார்கள்.

மைதானம் எங்கே?

புதிதாக நிலம் வாங்கிக் கட்டுவது ஆகாத காரியம். புனேயில் நிலத்தின் விலையை எல்லோரும் அறிவார்கள். ஆனால் இது கல்லூரிகளின் ஊர். 1885-ம் ஆண்டில் தொடங்கிய பெர்குசன், ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே 1932-ம் ஆண்டில் தொடங்கிய வாடியா என்று பழைய கல்லூரிகள் பல நகரத்துக்குள் இருக்கின்றன. மாவட்ட லீக் ஆட்டங்கள் நடந்திருக்கும் எஸ்.எஸ்.பி.எம்.எஸ். மைதானமும் சிவாஜிநகர்ப் பக்கம் உண்டு. கல்வி நிலையங்களின் மைதானங்களில் எது ஏற்றது என்று இஞ்சினீயர்கள் அளந்து சொல்லட்டும். பொருத்தமான ஒன்றில் இரு பக்கமும் காலரி எழுப்பி, விளக்கு போட்டால் போதும்.

ஒரு நிபந்தனை கட்டாயம் வேண்டும். மைதானம் மாணவர்களுடையது, அணி அங்கே வாடகைக்கு வருகிறது. காலையும் மத்தியானமும் மாணவர்கள் ஆட, மாதம் இரண்டு மாலை மட்டும் அணி ஆட வேண்டும். கிடைக்கும் வாடகையில் புல் வளர்க்க வேண்டும். கல்லூரி அணிக்கு பந்தும் பூட்ஸும் வாங்க வேண்டும். இதை எழுத்தில் வாங்காமல் வேலியைப் போட விட்டால், பிறகு அங்கே பொருட்காட்சியும் கல்யாண வரவேற்பும்தான் நடக்கும். மாணவன் கம்பிக்கு வெளியே நிற்பான். அப்படி ஆவதைவிட அணி வராமலிருப்பதே மேல்.

ஒழுங்காகச் செய்தாலோ இரு பக்கமும் லாபம். காலையில் தான் ஆடிய அதே புல்லில், மாலையில் நாட்டின் பெரிய ஆட்டக்காரர்கள் ஓடுவதைப் பதினெட்டு வயதுப் பையன் பார்ப்பான். கட்கியிலிருந்து தகப்பனும் மகனும் லோக்கல் ஏறி வந்து, ஆட்டம் பார்த்து, பத்து மணிக்குள் வீட்டில் சாப்பிட உட்காருவார்கள். அடுத்த வாரமும் வருவார்கள். முதலாளி ஒருநாள் கையை விரித்தாலும், "எங்கள் அணியை எங்கே கொண்டுபோகிறீர்கள்?" என்று கேட்க ஐயாயிரம் வாய் இருக்கும்.

மூன்று அணிகள் போனபோது அந்தக் கேள்வி உரக்க எழவில்லை. நாலாவது அணி வருவதற்குள்ளாவது, மாநகராட்சியும் மாவட்டக் கால்பந்துச் சங்கமும் கல்லூரி நிர்வாகிகளும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசுவார்களா?