குழு யாருக்குச் சொந்தம்?

கனடாவின் வின்னிபெக் நகரில் குளிர்காலம் நீண்டது, கடுமையானது. அங்கு உறைந்த குளங்களே சிறுவர்களுக்கு ஆட்டத்திடல். அத்தகைய நகரம், 1996ஆம் ஆண்டில் தன் ஐஸ் ஹாக்கிக் குழுவான வின்னிபெக் ஜெட்சை இழந்தது. அக்குழு விற்கப்பட்டு, அமெரிக்காவின் பாலைவன நகரமான ஃபீனிக்சுக்கு இடம் மாறியது.

ரசிகர்களின் அலட்சியம் அதற்குக் காரணமன்று. நுழைவுச்சீட்டுகள் கனடா டாலரில் விற்பனையாயின. ஆட்டக்காரர்களின் சம்பளமோ அமெரிக்க டாலரில் வழங்கப்பட்டது. கனடா டாலரின் மதிப்புச் சரியச் சரிய, நட்டம் பெருகியது. அரங்கமும் பழையது. 1995இல் மக்கள் திரண்டு நிதி சேர்த்தனர். தங்கள் உண்டியல் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்த சிறுவர்களும் உண்டு. அப்படியிருந்தும் போதவில்லை.

“குழுவும் ஒரு வணிகமே. நட்டத்தில் ஓடும் கடையை மூட ஊரைக் கேட்க வேண்டுமா?” எனச் சிலர் வினவலாம். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆண்டுதோறும் பணத்தை இழக்கும்படி எந்த உரிமையாளரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால், ஒரு மளிகைக்கடை மூடப்பட்டால் அடுத்த தெருவில் இன்னொன்று திறக்கும். தேசிய ஹாக்கி லீக்கில் இருப்பவையோ 32 குழுக்களே. லீக்கின் ஒப்புதலின்றி எந்த நகரமும் அதில் புதிய குழுவைச் சேர்க்க இயலாது. வாசலைப் பூட்டி வைத்துக்கொண்டு, ‘இது சந்தையின் விதி’ என்று கூறுவது நியாயமாகுமா?

அதற்காக வரிப்பணத்தைக் கொட்டிக் குழுவைப் பிடித்து வைப்பதும் ஏற்புடையதன்று. ஃபீனிக்ஸ் வட்டாரத்திற்குச் சென்ற குழு அங்கும் தள்ளாடியது. 2009இல் அது திவாலானதும் லீக்கே அதனை வாங்கி நடத்தியது. குழு வெளியேறாமலிருக்க, கிளென்டேல் நகர மன்றம் இரண்டு ஆண்டுகளில் 50 மில்லியன் டாலர் கொடுத்தது. பயன்? 2022இல் அக்குழு அந்நகரின் அரங்கத்தை விட்டு வெளியேறி, ஏறக்குறைய 5,000 பேர் அமரும் பல்கலைக்கழக அரங்கத்திற்குச் சென்றது. மறு ஆண்டு, புதிய அரங்கத் திட்டத்தை டெம்பி நகர வாக்காளர்கள் நிராகரித்தனர். 2024இல் ஆட்டக்காரர்கள் உட்டா மாநிலத்திற்குப் புறப்பட்டனர். டெம்பி மக்களைக் குறைகூற இடமில்லை. தங்கள் ஊரில் எது எழ வேண்டும் என்று முடிவுசெய்வது அவர்களின் உரிமை.

ரசிகர்களுக்கும் பொறுப்பு உண்டு. 2011இல் அட்லாண்டா குழு வின்னிபெக்கிற்கு இடம் மாறியபோது, பொதுவிற்பனைக்கு வந்த பருவச்சீட்டுகள் 17 நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. (அட்லாண்டா ரசிகர்களின் வருத்தத்தை அன்று எத்தனை பேர் நினைத்தனரோ!) பின்னர், ஏறத்தாழ 13,000ஆக இருந்த பருவச்சீட்டுகளின் எண்ணிக்கை 9,500 அளவிற்கு இறங்கியது. இந்நிலை நீடிக்க முடியாது என நிர்வாகம் வெளிப்படையாகவே கூறியது. குழு தங்களுடையது என்போர் இந்தக் கணக்கையும் பார்க்கத்தான் வேண்டும்.

இருப்பினும், விற்பனைக்கு முன் உள்ளூர் மக்களுக்கு ஒரு வாய்ப்பளிப்பது நடக்காத காரியமன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1996 முதல் ஒரு சட்டம் உள்ளது. வரிப்பணத்தின் துணையுடன் அமைந்த அரங்கில் ஆடும் குழு மாநிலத்தை விட்டு வெளியேற விரும்பினால், ஆறு மாதத்திற்கு முன்பே அறிவித்து, உள்ளூரார் வாங்குவதற்கு வாய்ப்புத் தர வேண்டும். கொலம்பஸ் நகரக் காற்பந்துக் குழுவை டெக்சசுக்குக் கொண்டுசெல்லும் முயற்சி நடந்தபோது, இச்சட்டத்தின் அடிப்படையில் வழக்குத் தொடரப்பட்டது, ரசிகர்களும் போராடினர். இறுதியில் ஒஹாயோவைச் சேர்ந்தவர்களும் அடங்கிய ஒரு தரப்பு குழுவை வாங்கியது. 2021இல் அதற்குப் புதிய அரங்கமும் திறக்கப்பட்டது. அக்குழு இன்றும் கொலம்பசில்தான் ஆடுகிறது.