காலாண்டு இலாபமும் எடை போடாத கொழுந்தும்

அகத்தியர்கூடத்தின் அடிவாரத்திலுள்ள போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து விதுரா வழியாகத் திருவனந்தபுரம் வந்து சேர்வதற்குள் ஒரு முற்பகல் கழிந்துவிடும். அண்மையில் அப்படி வந்த முதியவர் ஒருவர் என் மேசையின்மீது செய்தித்தாள் நறுக்கு ஒன்றை விரித்து வைத்தார். மென்பொருள் நிறுவனம் ஒன்றின் காலாண்டு முடிவுகள் அதில் அச்சாகியிருந்தன. அவருடைய மகள் கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் பணிபுரிகிறார். உடன் பணிபுரிவோர் அந்த நிறுவனத்தின் பங்குகளைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார்களாம். எங்கள் கிளையிலுள்ள நிரந்தர வைப்பு ஒன்றை முதிர்வுக்கு முன்பே முடித்து அந்தப் பங்குகளை வாங்கலாமா என்பது வீட்டில் நடக்கும் பேச்சு.

பங்கு வாங்கச் சொல்வதும் வேண்டாமெனத் தடுப்பதும் என் பணியல்ல என்று சொன்னேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “லாபம் கூடியிருக்குன்னு போட்டிருக்கு சார். அது பணமா வந்திருச்சா?”

இருபது ஆண்டுகளாகக் கடன் விண்ணப்பங்களுடன் வரும் ஐந்தொகைகளைப் படித்து வருபவன் நான். இதைவிடச் சரியான கேள்வியைப் பட்டயக் கணக்காளர்களிடமிருந்தும் அதிகம் கேட்டதில்லை.

மென்பொருள் நிறுவனத்தின் வருவாய், கடையில் அரிசி விற்பது போன்றதன்று. பொருள் கைமாறியது, விற்பனை முடிந்தது என்று சொல்ல முடியாது. ஊழியர் உழைத்த மணிநேரத்துக்குக் கட்டணம் பெறும் ஒப்பந்தங்களில் சிக்கல் குறைவு. மொத்தத் தொகையை முன்பே பேசி முடித்து ஓராண்டு, ஈராண்டு நடக்கும் ஒப்பந்தங்களில்தான் கணக்கியல் கொள்கை தன் வேலையைக் காட்டுகிறது. 2018 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள இந்தியக் கணக்கியல் தரநிலை 115 இத்தகைய பணிகளில், வேலை எந்த அளவு முடிந்ததோ அந்த அளவு வருவாயைக் கணக்கில் ஏற்கச் சொல்கிறது. எந்த அளவு முடிந்தது என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள், இதுவரை ஆன செலவையோ உழைப்பையோ, மொத்தம் ஆகுமென மதிப்பிட்ட செலவுடனோ உழைப்புடனோ ஒப்பிட்டு அளக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. பத்துக் கோடி ரூபாய் ஒப்பந்தம். முடிக்க எட்டுக் கோடி செலவாகும் என்று மதிப்பீடு. காலாண்டு இறுதிவரை நான்கு கோடி செலவாகியிருக்கிறது. பாதி வேலை முடிந்ததாகக் கொண்டு ஐந்து கோடி வருவாயும் ஒரு கோடி இலாபமும் எழுதப்படும். இப்போது அதே நிறுவனத்தின் திட்ட மேலாளர், எட்டுக் கோடி போதாது, ஒன்பது கோடி ஆகும் என்று நினைத்தால்? முடிந்த வேலை ஒன்பதில் நான்கு பங்காகிறது. வருவாய் 4.44 கோடி, இலாபம் 44 இலட்சம். வங்கிக் கணக்கில் ஒரு ரூபாயும் கூடவில்லை, குறையவில்லை. ஒரு மனிதரின் கருத்து மாறியது, இலாபம் பாதிக்கும் கீழே போயிற்று. இரண்டு எண்களையுமே நேர்மையான ஒருவர் எழுதியிருக்க முடியும் என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே நான் மோசடியைப் பற்றிப் பேசவில்லை.

வேலை செய்தாயிற்று, வருவாயும் எழுதியாயிற்று, ஆனால் வாடிக்கையாளருக்குப் பட்டியல் இன்னும் அனுப்பவில்லை என்ற நிலையிலுள்ள தொகைக்கு ஐந்தொகையில் தனி இடம் உண்டு. ‘பில் போடாத வருவாய்’ என்று வைத்துக்கொள்வோம். இதை அந்த முதியவருக்கு விளக்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை. கூடையில் கொழுந்து இருக்கிறது. இன்னும் தராசில் ஏறவில்லை. பறித்தவருக்கு அது இருபது கிலோ. ஈரத்துக்கும் கூடைக்கும் கழித்த பிறகு கணக்கப்பிள்ளை எழுதுவதுதான் கூலியாகும். தோட்டத்தில் பறிப்பவர் ஒருவர், எடை போடுபவர் வேறொருவர். மென்பொருள் நிறுவனத்திலோ, காலாண்டு முடிவில் பறிப்பவரும் எடை போடுபவரும் ஒருவரே.

ஆகவே எடை போட்ட முறை என்னவென்று தெரிய வேண்டும். அது இருப்பது கணக்கியல் கொள்கைக் குறிப்புகளில். இடைக்கால அறிக்கைகளுக்கான தரநிலை 34, ஆண்டறிக்கையில் பின்பற்றிய அதே கொள்கைகளையே காலாண்டுக்கும் பின்பற்ற வேண்டும் என்கிறது. மாற்றமிருந்தால் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் சுருக்கமான குறிப்புகளே போதும் என்றும் அனுமதிக்கிறது. செபி விதிகளின்படி காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும். முழுத் தணிக்கை கட்டாயமில்லை. தணிக்கையரின் வரையறுக்கப்பட்ட மறுஆய்வு போதும். சொத்து, பொறுப்புகளின் பட்டியலும் பணப்புழக்க அறிக்கையும் அரையாண்டுக்கு ஒருமுறைதான் கட்டாயம். அதாவது ஜூன், டிசம்பர் காலாண்டுகளில் ஒரு நிறுவனம் இலாபத்தை மட்டும் அறிவித்து, அந்த இலாபம் கடனாளிகளிடம் நிற்கிறதா, பில் போடாத வருவாயாக நிற்கிறதா, வங்கியில் இருக்கிறதா என்பதைச் சொல்லாமல் விட்டாலும் விதிமீறல் ஆகாது.

இது சரியில்லை என்பது என் கருத்து. சில இலட்ச ரூபாய் ரொக்கக் கடன் வாங்கியிருக்கும் பலசரக்கு வியாபாரியிடம் நாங்கள் மாதந்தோறும் சரக்கிருப்பு விவரமும் வர வேண்டிய கடன் விவரமும் கேட்டு வாங்குகிறோம். தராவிட்டால் நினைவூட்டுக் கடிதம் போகும். ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பைப் பங்கு மூலதனமாகப் பெற்ற நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை காட்டினால் போதும் என்பதற்கு என்ன நியாயம்? செலவு கூடும் என்பார்கள். ஐந்தொகை இல்லாமல் எந்தக் கணக்காளரும் இலாபத்தைக் கண்டறிய முடியாது. அது அலுவலகத்தில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, வெளியிடுவது மட்டுமே பாக்கி. முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு. இன்ஃபோசிஸ் நிறுவனம் ஒவ்வொரு காலாண்டிலும் தணிக்கை செய்யப்பட்ட இடைக்கால அறிக்கையை, ஐந்தொகையுடனும் வருவாய் ஏற்புக் கொள்கையுடனும் வெளியிட்டு வருகிறது.

ஐந்தொகையை வெளியிட்டுவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம், 2008 செப்டம்பர் 30 அன்றைய ஐந்தொகையைப் பற்றியது. புத்தகத்தில் 5,361 கோடி ரூபாய் எனக் காட்டப்பட்ட ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாதது. சேர்ந்ததாக எழுதிய வட்டி 376 கோடியும் இல்லை. கடனாளிகள் 490 கோடி மிகை. காட்டாமல் விட்ட பொறுப்பு 1,230 கோடி.

அந்தக் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது காலாண்டைப் பற்றிய பகுதியைத்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை அறிவித்த வருவாய் 2,700 கோடி. உண்மை 2,112 கோடி. அறிவித்த செயல்பாட்டு இலாபம் 649 கோடி. உண்மை 61 கோடி. இரண்டிலும் வேறுபாடு ஒன்றே: 588 கோடி. பொய் வருவாய்க்குச் செலவு கிடையாது, அது முழுதாக இலாபத்தில் போய்ச் சேரும். அந்த ஒரு காலாண்டில் வங்கி இருப்பிலும் அதே 588 கோடி கூட்டி எழுதப்பட்டது. கடனாளிகளாகவே விட்டிருந்தால் “ஏன் வசூலாகவில்லை?” என்று யாராவது கேட்டிருப்பார்கள். வசூலாகிவிட்டது என்று எழுதியதால் கேள்வியே எழவில்லை.

ஆக, “பணமாக வந்ததா?” என்ற கேள்விக்குப் பதிலே பொய்யாகத் தரப்பட்டது. அதை உறுதிசெய்ய வேண்டிய வழி ஒன்றுதான். தணிக்கையர் வங்கிக்கு நேரே எழுத வேண்டும், வங்கி அவருக்கு நேரே பதில் அனுப்ப வேண்டும். கடிதங்களை அனுப்புவதையும் பெறுவதையும் நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்பது, 2011 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள்மீது வைத்த முக்கியக் குற்றச்சாட்டு. அந்தத் தணிக்கையர்களே 2009 ஜனவரியில், 2000 ஜூன் முதல் 2008 செப்டம்பர் வரையிலான தங்கள் அறிக்கைகளை இனி நம்ப வேண்டாம் என்று எழுதினார்கள். எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலாண்டுகள் ஒரே கடிதத்தில் அழிந்தன. தணிக்கையரின் உறுதிப்படுத்தல் கடிதம் ஒன்று கிளைக்கு வந்தால், நிறுவனத்தின் ஊழியர் “நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்” என்று எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் அவர் கையில் பதிலைத் தரலாகாது என்று புதிதாகச் சேரும் அலுவலர்களிடம் சொல்லி வருகிறேன்.

அந்த 376 கோடி வட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காலத்துக்கேற்ப வட்டியை வருவாயாக எழுதுவது முறையான கொள்கைதான். முதிர்வில் வட்டி தரும் வைப்புகளில் அப்படித்தான் எழுத முடியும். ஆனால் வட்டி கணக்கில் சேர்ந்துகொண்டே போய், கைக்கு வராமலே இருந்தால், வைப்பு உண்டா என்று கேட்பது வங்கியாளரின் இயல்பு. இதைச் சொன்னபோது முதியவர் சிரித்தார். “எங்களுக்கும் கணக்குல காசு இருக்கு சார், கையிலதான் இல்ல” என்றார். போனக்காட்டுத் தொழிற்சாலை ஓடாமல் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன.

அன்று அவருக்கு ஒரு சிறு கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்தேன். கடனாளிகளையும் பில் போடாத வருவாயையும் கூட்டி, காலாண்டு வருவாயால் வகுத்துத் தொண்ணூறால் பெருக்கினால், எத்தனை நாள் உழைப்பு இன்னும் பணமாகாமல் நிற்கிறது என்பது தெரியும். அடுத்தடுத்த சில காலாண்டுகளில் அந்த நாட்கள் ஏறிக்கொண்டே போனால், இலாபம் எவ்வளவு கூடியிருந்தாலும் ஏன் என்று கேட்க வேண்டும். அவர் கொண்டுவந்த நறுக்கில் இதற்கு வேண்டிய இரண்டு எண்கள் இல்லை. முழு அறிக்கையை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து மகள் எடுத்துத் தருவார் என்றார். வைப்பை அன்று முடிக்கவில்லை. பில் போடாத வருவாய் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று கேட்டு, அந்தச் சொல்லை நறுக்கின் ஓரத்தில் என்னையே எழுதச் சொல்லி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்துக்குப் போனார்.