பட்டியைக் காக்கும் நாய்



சென்ற மாதம் ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பத் தலைவர் ஒருவர் என்னைக் காண வந்தார். "சாமி, இரவில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து நான்கு ஆடுகளைக் கடித்துக் கொன்றுவிட்டன. மகளின் படிப்புச் செலவுக்கென்று வளர்த்தவை. இனி நல்ல கோபக்கார நாயாக ஒன்று வாங்கிக் கட்டப் போகிறேன்" என்றார். இத்துன்பம் அவருக்கு மட்டும் உரியதன்று. திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம், வெள்ளகோவில் பகுதிகளின் விவசாயிகள் இதற்காகவே 2024, 2025 ஆம் ஆண்டுகளில் போராட்டம் நடத்தினர்.

ஆயினும், 'கோபக்கார நாய்' என்னும் எண்ணத்திலேதான் தவறு தொடங்குகிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்குப் பேர்போனவை. ஓடுவதைத் துரத்துவது அவற்றின் இயல்பு. துள்ளி ஓடும் ஆட்டுக்குட்டியும் அவற்றின் கண்ணுக்கு ஓடும் இரையே. அல்சேஷன் நாயோ மந்தையை வளைத்து ஓட்டுவதற்கென உருவான இனம். பட்டியில் விட்டால் ஆடுகளை ஓயாது அலைக்கழிக்கும். நமக்கு வேண்டியது துரத்தும் நாயுமன்று, ஓட்டும் நாயுமன்று. ஆடுகளோடு தங்கியிருக்கும் நாய்.

இத்தாலி நாட்டின் அப்ருஸ்ஸோ மலைகளில் ஓநாய்களிடமிருந்து ஆடுகளைக் காக்க, மரேம்மா என்னும் வெண்ணிற நாய்களை நூற்றாண்டுகளாக வளர்த்து வருகின்றனர். ஓநாய் கழுத்தைக் கவ்வாதபடி முள் பதித்த இரும்புப் பட்டையை அவற்றுக்கு அணிவிப்பதுண்டு. எனினும் சண்டையிடுவது அவற்றின் முதல் வேலையன்று. மந்தைக்கும் பகைக்கும் நடுவே நின்று உரக்கக் குரைக்கும். எளிதில் இரை கிட்டாதென்று கண்ட ஓநாய் பெரும்பாலும் விலகிச் செல்லும்.

அடர்ந்த உரோமமுடைய அந்த இனம் நமது வெயிலுக்கு ஏற்றதன்று. அதனால் மனம் தளர வேண்டாம். அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினர், பல இனம் கலந்த சாதாரண நாய்களையே குட்டிப் பருவம் முதல் ஆடுகளுடன் வளர்த்துக் காவலுக்கு வைத்துக்கொள்கின்றனர். இனத்தின் பெயரைவிட வளரும் இடமே பெரிது என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, ஆடுமாடுகளுக்கிடையே அமைதியாகப் பழகும் தாயின் குட்டியைத் தேடுங்கள். முரட்டுக் குட்டியும் வேண்டாம், அஞ்சி ஒடுங்குவதும் வேண்டாம். எட்டு வாரக் குட்டியாகக் கொணர்ந்து, சாதுவான பெரிய ஆடுகளின் அருகே தனித் தடுப்பில் விடுங்கள். அங்கேயே உணவிடுங்கள், வீட்டுத் திண்ணையில் பழக்காதீர்கள். விளையாட்டாக ஆட்டைத் துரத்தினாலும், காதைக் கடித்தாலும் அப்போதே கண்டித்துத் தடுங்கள். ஒன்றரை, இரண்டு வயதாகும்வரை இளங்குட்டிகளுடன் தனியே விடலாகாது. அதுவரை பட்டிக்கு உறுதியான கம்பிவேலியே காவல். வெறிநாய்த் தடுப்பூசியும் கருத்தடையும் மறவாதீர்கள்.

அருளப்பர் நற்செய்தி 10 ஆம் அதிகாரத்தில், ஓநாய் வருவதைக் கண்டு ஓடிவிடும் கூலியாளைப் பற்றி ஆண்டவர் கூறுகிறார். அவன் வலிமையற்றவன் என்று அவர் சொல்லவில்லை. ஆடுகள் மீது அவனுக்கு அக்கறையில்லை என்றே சொல்கிறார். அந்த அக்கறை உடன் வாழ்வதால் வளர்வது. நம் இல்லங்களிலும் இதுவே உண்மை. மாலையில் வீடு திரும்பி அதட்டினால் மட்டும் பிள்ளைகளைக் காத்துவிடலாம் என்று எண்ணும் தந்தையர் உண்டு. உடன் அமர்ந்து உண்டு, உடன் செபித்து, அவர்களது பேச்சைக் கேட்டிராதவர், ஆபத்து வரும் வழியை எங்ஙனம் அறிவார்?

அந்த நண்பர் இப்போது ஒரு நாட்டு நாய்க்குட்டியைக் கொணர்ந்து பட்டியில் விட்டிருக்கிறார். கிழட்டு ஆடு ஒன்று தடுப்பை ஒட்டிப் படுக்க, அதன் முதுகோரமாய் அது உறங்குகிறதாம். "இன்னும் குரைக்கவே தெரியவில்லை, சாமி" என்று சிரித்தார். பொறுத்திருங்கள் என்றேன். காவலின் முதற்பாடத்தை அது இப்போதே கற்றுக்கொண்டிருக்கிறது.

உங்கள் குடும்பங்களை நல்லாயன் காப்பாராக.