ஆளுக்கொரு டாக்டர்!
ஆபீஸில் பக்கத்து சீட் நண்பர் திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு, "மண்டைல இடி விழுந்த மாதிரி இருக்குய்யா!" என்று சாய்ந்தார். உடனே ஆளுக்கொரு டாக்டர் ஆனோம். ஒருவர் தைலம், ஒருவர் சுக்குக் காபி. நான் ஆஸ்பிரினோடு ஓடினேன்.

அக்கவுன்ட்ஸ் மேடம் மட்டும் மாத்திரையைப் பிடுங்கி, "மூளைல ரத்தக்கசிவா இருந்தா இது இன்னும் கசிய விடும் சார்! வாய்ல எதுவும் கொடுக்காதீங்க" என்று அதட்டிவிட்டு, 108-ஐக் கூப்பிட்டார். வாந்தி வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வலி ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ்காரர் முதலில் கேட்டதே அதைத்தான்!

ஸ்கேனில் ரத்தக்கசிவேதான். ஆபரேஷன் ஆகி, நண்பர் பிழைத்தார். இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால், "ஆஸ்பிரின் இருக்கா சார்?" என்று சிரிக்கிறார்.

எனக்குத்தான் சிரிப்பு வரமாட்டேங்குது.