கடலடிச் சேற்றைக் கலைக்கும் முன்...

ஆழ்கடல் சுரங்கத்துக்கு விதிகள் வகுக்க, ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் உள்ள சர்வதேச கடல்படுகை ஆணையம் ஆண்டுக்கணக்கில் பேசிவருகிறது. 2025 ஜூலைக் கூட்டமும் முடிவின்றிக் கலைந்தது. அதற்கு முன்பே, ஏப்ரலில், தன் நாட்டுச் சட்டத்தின்கீழ் அனுமதிகளை விரைவுபடுத்த அமெரிக்க அதிபர் ஆணையிட்டுவிட்டார். கடலடியில் கிடக்கும் நிக்கல், கோபால்ட் கட்டிகள் பேசப்படும் அளவுக்கு, அவற்றைத் தாங்கும் சேறு பேசப்படுவதில்லை என்பதே என் கவலை.

அந்தச் சேறு உயிருள்ளது. கடலின் மேற்பரப்பில் நுண்பாசிகள் உள்வாங்கும் கரிமத்தில் ஒரு சிறு பகுதி, இறந்த துகள்களாக அடியில் வந்து படிகிறது. அதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் சிதைத்து, ஊட்டச்சத்துகளை நீருக்குத் திருப்பித் தருகின்றன. எஞ்சும் சொற்பம், நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானது, வண்டலில் புதைந்து வளிமண்டலத்திலிருந்து நெடுங்காலம் விலகி நிற்கிறது.

இந்தப் பணியின் வேகம் மிகக் குறைவு; கலைத்தால் மீளும் வேகமும் அப்படித்தான். 1989இல் பெரு நாட்டுக்கு அப்பால், நான்கு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், ஜெர்மானிய அறிவியலாளர்கள் கடலடியைச் சோதனைக்காக உழுதார்கள். 26 ஆண்டுகளுக்குப் பின் சென்று பார்த்தபோது, உழுத தடம் அப்படியே இருந்தது. நுண்ணுயிர்களின் எண்ணிக்கையும் செயல்பாடும் பழைய நிலையை எட்டவில்லை. முழுமையாக மீள 50 ஆண்டுகளுக்கு மேலாகும் என்று 2020இல் வெளியான அவர்களின் ஆய்வு மதிப்பிட்டது.

சுரங்கம் தோண்டியதும் கடலடிக் கரிமமெல்லாம் வானேறிவிடும் என்று அச்சுறுத்துவதும் முறையன்று. உலோகக் கட்டிகள் கிடக்கும் சமவெளிகளில் கரிமம் குறைவே. ஆனால், ஒரு தலைமுறையில் ஆறாத காயத்தைச் சிறியது என்று தள்ளிவிட முடியாது.

இது நமக்கும் தொலைவான செய்தியன்று. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இக்கட்டிகளைத் தேடும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், 2021இல் 5,270 மீட்டர் ஆழத்தில் தன் ஊர்தியை ஓட்டிப் பார்த்தது. கருவி தயாராகும் வேகத்துக்கு அறிவும் ஈடுகொடுக்க வேண்டும். அங்குள்ள நுண்ணுயிர்களின் இன்றைய செயல்பாட்டை அளந்து, அந்தத் தரவுகளை மக்கள் முன் வைத்த பிறகே வணிகச் சுரங்கம் பற்றி முடிவெடுப்பது பொறுப்பாகும். கலைத்த பின் அளந்தால், எதை இழந்தோம் என்பதே தெரியாமற்போகும்.