ஆட்டுத்தோலுக்குள் ஒரு பையன்

பள்ளியில் எங்களுக்கு நான்டீட்டெயிலாக ‘ஐவன்ஹோ’ வந்தது. பிடிக்கவில்லை. அதை எழுதிய வால்டர் ஸ்காட்டின் மீது பிரியம் வந்தது ரொம்பப் பின்னால், அவர் தம் பிள்ளைப்பருவத்தைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளைப் படித்தபோதுதான்.

ஸ்காட்லாந்தின் தென்எல்லைப் பக்கம், கெல்சோ ஊருக்கு மேற்கே, ஒரு பாறைமேட்டில் ஸ்மெயில்ஹோம் கோபுரம் நிற்கிறது. சிலையும் சாமியும் இல்லாத கோபுரம். சுமார் 20 மீட்டர் உயரத்துக்கு மொட்டைக் கல்கட்டடம், அவ்வளவுதான். பிரிங்கிள் குடும்பத்தார் மாட்டுக் கொள்ளையருக்குப் பயந்து கட்டியது. ஆநிரை கவர்வதற்கு வெட்சி, மீட்பதற்குக் கரந்தை என்று நாம் திணை வகுத்தோம். அங்கே 1535-இல் சட்டமே போட்டார்கள்: எல்லையோரப் பெரிய நிலக்காரர்கள் மதில் எழுப்பியாக வேண்டும், தேவையென்று தோன்றினால் கோபுரமும்.

1603-இல் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா வந்தார். கொள்ளை அடங்கியது, கோபுரத்துக்கும் மெல்ல மெல்ல வேலை போயிற்று. அதன் காலடியில் இருந்த சாண்டிநோ பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவர் ராபர்ட் ஸ்காட். ஆடு வாங்கச் சந்தைக்குப் போய், கடன்வாங்கிய முழுப் பணத்துக்கும் ஒரு குதிரையை வாங்கிவந்த மனுஷன்! அந்தக் குதிரையை இரட்டை விலைக்கு விற்றுத்தான் தப்பித்தார்.

எடின்பரோவில் 1771-இல் பிறந்த அவருடைய பேரன் வால்டருக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் கண்டு வலதுகால் விளங்காமல் போயிற்று. கிராமத்துக் காற்று பட்டால் தேவலை என்று இந்தப் பண்ணைவீட்டுக்கு அனுப்பினார்கள். யாரோ வைத்தியம் சொல்ல, வீட்டில் ஆடு அறுக்கும்போதெல்லாம் சூடு ஆறாத தோலை உரித்து அதற்குள் குழந்தையைச் சுற்றிவைத்தார்கள். அப்படியே கூடத்தில் கிடத்தித் தாத்தா தவழச்சொல்லிக் கெஞ்சுவார். பட்டாளத்து உடுப்பில் வந்த கிழவர் ஒருவர் மண்டிபோட்டு, தன் சங்கிலிக் கடிகாரத்தைத் தரையில் இழுத்துக் காட்டிப் பிள்ளையை நகரவைக்கப் பார்த்தாராம். இந்த ஒரு காட்சிக்காகவே வால்டர் ஸ்காட்டின் நாவல்களை மன்னித்துவிடலாம்.

ஜேனட் அத்தைதான் கதைப்பாட்டுகளைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்வித்தவள். கோபுரத்தைக் கட்டவைத்த அதே கொள்ளைகள், அடுப்பங்கரையில் பாட்டாக வந்துசேர்ந்தன. வளர்ந்தபின் அந்தக் கோபுரம் இடிவதைப் பார்த்து நில உடைமையாளரிடம் காப்பாற்றச் சொன்னார் ஸ்காட். “அப்படியானால் அதைப்பற்றி ஒரு பாட்டு எழுது” என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். 1799-இல் எழுதியும் கொடுத்தார். கோபுரம் இன்றும் நிற்கிறது.

அந்தப் பண்ணை நாட்களில், பகலில் இடையர் சிறுவன் வால்டரைத் தூக்கிப்போய்ப் பாறைகளுக்கிடையே ஆடுகளோடு விட்டுவிடுவார். ஒருநாள் இடிமழை பிடித்துக்கொள்ள, பிள்ளை நினைவு வந்து அத்தை பதறி ஓடினாள். அவன் புல்லில் மல்லாந்து கிடந்து, ஒவ்வொரு மின்னலுக்கும் கைதட்டிக்கொண்டிருந்தானாம்.