பெயர் தெரியாத சிறு வண்டிகள்

இத்திங்கள் சற்றே விந்தையான ஒரு பொழுதுபோக்கைப் பற்றி எழுத விழைகின்றேன்.

இங்கிலாந்திலும் பிரான்சிலும் பழைய குடும்பங்களின் நிழற்படத் தொகுப்புகளில் ஒருவகைப் படம் அடிக்கடி தென்படும். வீட்டு வாயிலில் ஒரு குறுகிய சிறு வண்டி. அதில் பெருமிதத்தோடு அமர்ந்திருக்கும் ஓர் இளைஞர். படத்தின் பின்புறத்தில் அவருடைய பெயர் இருக்கும். வண்டியின் பெயர் இராது. அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே தங்கள் ஓய்வு நேரத்தைச் செலவிடுவோர் அந்நாடுகளில் உள்ளனர்.

அவ்வண்டிகளுக்குச் ‘சைக்கிள்கார்’ என்று பெயர். கார் என்பது செல்வந்தர்க்கே உரியதாயிருந்த காலம் அது. மோட்டார் சைக்கிளோ மழைக்கும் குளிருக்கும் ஒதுங்க இடந்தராது. ஆகவே மோட்டார் சைக்கிளின் எஞ்சினை மரச்சட்டத்தில் பொருத்தி, மெல்லிய சக்கரங்களைப் பூட்டி, எளியோர்க்கு எட்டும் விலையில் ஒரு வண்டி செய்ய முனைந்தனர். 1910-இல் பாரிசில் பூர்போ, தெவோ என்னும் இருவர் ‘பெதேலியா’வைச் செய்தனர். அதே ஆண்டில் இலண்டனையொட்டிய ஹெண்டனில் காட்ஃப்ரே, நாஷ் என்னும் இருவர் ‘ஜி.என்.’ வண்டியைத் தொடங்கினர். 1912 திசம்பரில் மோட்டார் சைக்கிள் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு, எடை 350 கிலோவுக்கும் எஞ்சின் 1100 சி.சி.க்கும் மிகலாகாது என வரையறுத்தது. அதன்பின் சிறு சிறு பட்டறைகள் பலவும் இத்தொழிலில் இறங்கின.

பெதேலியாவை எவரும் கண்டுகொள்ளலாம். நீண்ட மரப்பெட்டி போன்ற உடல். உடன் வருபவர் முன்னே, ஓட்டுநர் பின்னே! சிக்கல் மற்றவற்றில்தான். பட்டறைக்காரர் பலர் எஞ்சினைத் தாமே செய்வதில்லை. டாட்டன்ஹாமில் பிரெஸ்ட்விச் செய்த ‘ஜாப்’ எஞ்சின் பற்பல பெயருடைய வண்டிகளில் ஓடியது. ஆகவே எஞ்சினைக் கண்டு வண்டியைச் சொல்ல இயலாது. முகப்பையும் நம்ப இயலாது. காற்றால் குளிரும் எஞ்சினுக்குத் தேவையேயில்லாத ரேடியேட்டரைப் போலியாக முன்னே மாட்டியோரும் உண்டு. அனுபவமுள்ளோர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டு பட்டை ஸ்பிரிங் எவ்விடத்தில் பிணைக்கப்பட்டுள்ளது, பின்சக்கரத்திற்குச் செல்வது பெல்ட்டா சங்கிலியா, முன் அச்சைத் திருப்புவது கம்பியா வடமா என்றே பார்க்கின்றனர். உரிமையாளர் எளிதில் மாற்ற முடியாதவை அவை.

எண் பலகையும் துணை செய்யும். பிரிட்டனில் 1904 முதல் பலகையிலுள்ள எழுத்து, பதிவு செய்த வட்டாரத்தைக் காட்டும். ‘ஏ’ என்றால் இலண்டன். ‘ஏபி’ என்றால் வூஸ்டர்ஷயர். மூன்று சக்கர மார்கன் வண்டிகள் பிறந்த மால்வெர்ன் அந்த வட்டாரத்தில்தான் உள்ளது. எனினும் ‘ஏபி’ எழுத்தைக் கண்டவுடன் மார்கன் என்று முடிவு கட்டுவது தவறு. பலகை சொல்வது வண்டி பதிவான இடத்தை, பிறந்த இடத்தையன்று. பழைய பதிவேடுகளிலும் பல அழிந்துபட்டன.

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. ஐயத்தோடு ஒருவர் “ஜி.என்.?” என்று கேள்விக்குறியிட்டு எழுதுகிறார். அடுத்தவர் அதைப் பெயர்த்தெழுதும்போது கேள்விக்குறியை விட்டுவிடுகிறார். மூன்றாமவரின் நூலில் அது ஐயமற்ற செய்தியாகிவிடுகிறது. (வகுப்பில் முதல் வரிசை மாணவனின் பிழை கடைசி வரிசை வரை எழுத்துப் பிசகாமல் பயணம் செய்வதை ஆசிரியர் எவரும் அறிவர்!) ஜி.என். என்றாலும் வேலை முடிந்துவிடாது. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சில் சால்ம்சன் நிறுவனம் அதே வண்டியை உரிமம் பெற்றுச் செய்தது.

இத்தகைய தவற்றால் இழப்பு யாருக்கு? சில வண்டிகளே செய்துவிட்டுக் கடையை மூடிய அந்த முகமறியாத் தொழிலாளிக்கு. 1922-இல் நான்கு சிலிண்டர் கொண்ட ‘ஆஸ்டின் செவன்’ வந்தபின் சைக்கிள்காரை நாடுவோர் அருகினர்; பட்டறைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவருடைய உழைப்புக்கு எஞ்சிய ஒரே சான்று அந்த நிழற்படமாக இருக்கலாம். அதன்மேல் புகழ்பெற்ற வேறொருவரின் பெயரை ஒட்டிவிட்டால், பின்னர் அவரைத் தேட எவருக்கும் தோன்றாது. ‘அறியப்படவில்லை’ என்றிருக்கும் படத்தையோ இன்னொருவர் மீண்டும் கண்ணாடியை எடுத்துப் பார்ப்பார்.